நாலு செகண்ட் கதவு

பகல் பன்னிரண்டரை மணி. கருமத்தம்பட்டியைத் தாண்டி, தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போகிற ஒற்றைத் தார்ச்சாலை. ஆள் இல்லை... நாய் இல்லை... வேப்பமரத்து நிழல்கூட வெயிலுக்குப் பயந்து மரத்தடியிலேயே சுருண்டு கிடந்தது.

என்ன சிரிப்பு? பகலில் ஏது பேய் என்றா? ராத்திரிப் பேய் பரவாயில்லை, விடிந்தால் போய்விடும். உச்சி வெயிலில் வருவது எப்போது போகும், சொல்லுங்கள் பார்ப்போம். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த மொபைல் டார்ச்சை அணையுங்கள். சரவணம்பட்டிக்குக் கரண்ட் வரும்போது வரட்டும்.

இது என் கூட்டாளி தல்ஹாவின் அக்காவுக்கு நடந்தது. ரிஃபத் என்று பெயர். எங்களோடு தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவள், அதனால் எனக்கு அவள் இவள் என்றுதான் வரும். உக்கடத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்னக் கடை வைத்திருக்கிறாள். மில்களுக்கும் பட்டறைகளுக்கும் டைமர் போர்டு செய்து கொடுக்கிற கடை.

அன்றைக்கு அந்தப் பக்கம் முழுக்க மாதாந்திர ஷட் டவுன். காலையிலிருந்து கரண்ட் கிடையாது. தறி ஓடாத கருமத்தம்பட்டியை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? எந்நேரமும் டடக் டடக் என்று அடித்துக்கொண்டே இருக்கிற ஊர். அது நின்றுவிட்டால் நம் காதுக்குள் ரத்தம் ஓடுவது நமக்கே கேட்கும். ரிஃபத்துக்குத் தன் ஸ்கூட்டி சத்தம் மட்டும்தான் துணை. அதையும் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று... போன் அடித்தது.

"ரிஃபத் அக்காங்களா? நான் கனிஷ்காங்க. குழந்தையம்மா மக. டைமர் பொட்டி மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல உங்க நம்பர் இருந்துச்சுங்க." சின்னக் குரல். அழுது அழுது கரகரத்துப் போயிருந்தது. "எங்கம்மா பூட்ட நெம்பித் தெறந்து கைய உட்டுச்சுன்னு மில்லுல சொல்றாங்கக்கா. எங்கம்மா அப்படிப்பட்ட ஆளில்லீங்க. அவசரப்படவே தெரியாதுங்க அதுக்கு. நீங்களாச்சும் சொல்லுங்கக்கா... நெம்பித்தான் தெறந்துச்சுங்களா?"

ரிஃபத் அந்த மில்லுக்குத்தான், முதலாளி கூப்பிட்டனுப்பிப் போய்க்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். வண்டியை மறுபடி எடுத்தபோது ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரைக்கும் முறுக்கினாள். பயத்தில் இல்லை, கோபத்தில்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது ஒரு கழிவுப் பஞ்சு மில். பனியன் வெட்டுத்துணியையும் நூல் கழிவையும் பிய்த்து மறுபடி பஞ்சாக்குகிற இடம். அங்கே ஒரு மெஷின். உள்ளே ஆள் உயர உருளை, உடம்பெல்லாம் இரும்புப் பல். சுவிட்சை அணைத்தாலும் அது உடனே நிற்காது. பாரம் அப்படி. ஒரு நிமிஷம் வரைக்கும் ஊஊஊம்... என்று தானாகச் சுற்றிச் சுற்றித்தான் அடங்கும். பஞ்சு அடைத்துக்கொண்டால் கதவைத் திறந்து கையால் எடுக்க வேண்டும். உருளை அடங்குவதற்குள் திறந்தால் கை போய்விடும். அதனால்தான் கதவில் ஒரு பூட்டு வைத்து, பூட்டுக்கு ரிஃபத்தின் டைமரை வைத்திருந்தார்கள்.

டைமர் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. 555 என்று மூன்று ஐந்து எழுதிய, சுண்டுவிரல் நகம் அளவு ஐசி. எட்டுக் கால். பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர். கெப்பாசிட்டரைத் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், ரெசிஸ்டரை அதற்கு வருகிற குழாய் என்று. மெஷினை நிறுத்தியதும் தொட்டி நிறைய ஆரம்பிக்கும். ஐசி அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் போதும் என்று சொல்லும். சிவப்பு லைட் அணைந்து பச்சை எரியும், பூட்டை இயக்குகிற ரிலே டக் என்று அடிக்கும், பூட்டு விடும். தொட்டியை ஐசியே காலி பண்ணிவிட்டு அடுத்த தடவைக்குக் காத்திருக்கும். குழாய் ஒடுக்கமாக இருந்தால் நிறைய நேரம் ஆகும். அகலமாக்கினால் சட்டென்று நிறைந்துவிடும். அதைக் கூட்டிக் குறைக்க போர்டில் ஒரு குட்டித் திருகாணி உண்டு, ப்ரீசெட் என்பார்கள். ரிஃபத் ஒரு நிமிஷத்துக்கு மேலேயே வருகிற மாதிரி அதைத் திருகி, யாரும் தொடக் கூடாது என்று அதன் தலையில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்துத்தான் கொடுப்பாள்.

மாட்டப் போன அன்றைக்குக் குழந்தையம்மாள் பக்கத்திலேயே நின்று பார்த்தார். பஞ்சு போடுகிற வேலை அவருக்கு. தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது, வாயில் வெற்றிலையும் புகையிலையும்.

"இது என்ன கண்ணு பண்ணும்?"

"பச்சை லைட் வந்து டக்குன்னு சத்தம் கேட்டா கைய விடலாங்கக்கா. அதுக்கு முன்னாடி கதவே தொறக்காது."

"அப்போ டக்குன்னு கேட்டா நம்பிக்கலாம்."

"தைரியமா நம்பலாங்க."

நம்பினார். அவ்வளவுதான் செத்துப்போன அந்த அம்மா செய்தது. ரிஃபத்துக்கு ராத்திரித் தூக்கம் போனது இந்த ஒரு வார்த்தையால்தான். தைரியமா நம்பலாங்க.

மில் வாசலிலேயே முதலாளி நஞ்சுண்டன் நின்றிருந்தான். அவனுக்கு நான் ர் போட்டுச் சொல்ல மாட்டேன். பிடிக்காதவர்கள் வேறு யாரையாவது கதை சொல்லச் சொல்லுங்கள்.

"வாங்க அம்மணி, வாங்க. இந்த வேகாத வெயில்ல வந்திருக்கீங்க. மோர் குடிக்கறீங்களா?"

அத்தனை மரியாதை. வாய் நிறைய ங்க. ரிஃபத் மோர் வேண்டாம் என்றாள். உள்ளே போனார்கள். தகரக் கூரை. வெளிச்சம் ஓட்டை வழியாகக் கோடு கோடாக விழுந்தது. எண்ணெயில் ஊறின பழந்துணி வாடை... அதற்கடியில் பினாயில். ரொம்பப் பினாயில். அந்த மெஷினைச் சுற்றி மட்டும் தரை பளிச்சென்று இருந்தது.

டப்பாவைத் திறந்தாள். ஒரே பார்வை போதும். நெயில் பாலிஷைச் சுரண்டியிருந்தார்கள். ப்ரீசெட் கடைசி வரைக்கும் திருகியிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்துக் கணக்குப் போட்டாள். நாலு செகண்ட்.

"யாருங்க இதைத் திருப்பினது?"

நஞ்சுண்டன் மழுப்பக்கூட இல்லை. "பஞ்சு அடைச்சுக்கிட்டே இருக்குதுங்க அம்மணி. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நிமிஷம் நின்னா மில்லு ஓட்டறதா, பூட்டிப்போட்டுப் போறதா? எலக்ட்ரீசியன் பையனத் திருப்பச் சொன்னேன். சூதானமா இருக்கச் சொல்லித்தான் இருந்தேன். அவதான் கவனிக்கல." பிறகு குரலை இறக்கினான். "நடந்தது நடந்துபோச்சுங்க. சித்த நேரத்துல ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு. பழையபடி ஒரு நிமிஷம் வெச்சுப்போடுங்க. பாலிஷும் வெச்சுருங்க. அந்தப் புள்ள பூட்ட நெம்பித் தெறந்துச்சுன்னு முடிஞ்சுரும். உங்க பேரும் கெடாது."

"அவங்க பேரு?"

"அவளுக்கு இனி எதுக்குங்க பேரு?"

இதைச் சொல்லும்போது எனக்கே பல் நறநற என்கிறது. ரிஃபத்துக்கு எப்படி இருந்திருக்கும்? முடியாது என்றாள். அவன் சிரித்தான். அப்படியானால் வாங்கின நாளிலிருந்தே உங்கள் போர்டு நாலு செகண்ட்தான் என்று சொல்வேன், சுரண்டினது நீங்கள்தான் என்பேன், மில்லுக்காரன் பேச்சா உக்கடத்துப் பெட்டிக்கடைப் பேச்சா, எது எடுபடும் என்று பார்த்துவிடலாம் என்றான். எல்லாம் ங்க போட்டுத்தான்.

அப்போதுதான் அவள் ஒன்று செய்தாள். பையிலிருந்து பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை எடுத்து போர்டில் மாட்டினாள். கரண்ட் இல்லாவிட்டாலும் போர்டுக்கும் பூட்டுக்கும் அது போதும். மொபைலில் வீடியோவை ஓடவிட்டு ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். நாலு செகண்டில் பூட்டு விடுவதைப் படம் பிடித்துவிட்டால், அவன் ஆளைக் கூப்பிட்டு மறுபடி திருகினாலும் சாட்சி இருக்கும் அல்லவா.

பட்டனை அமுக்கினாள். சிவப்பு எரிந்தது. ஒன்று... இரண்டு... மூன்று... நாலு...

சிவப்புதான்.

பத்து ஆயிற்று. இருபது. நாற்பது. சிவப்பு. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. கதவுக்கு உள்ளே. ஊஊஊம்... என்று ஒரு உருளை சுற்றி, சுற்றி, மெல்ல மெல்ல இறங்கி... அடங்குகிற சத்தம். மோட்டாருக்குக் கரண்ட் கிடையாது. பெல்ட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டியிருந்தார்கள், அவள் கண்ணுக்கு எதிரிலேயே தொங்கியது. சத்தம் முழுசாக அடங்கின பிறகு...

டக்.

பச்சை. கதவு விட்டது. உள்ளே உருளை அசையாமல் நின்றிருந்தது. பல்லிலெல்லாம் தூசி படிந்திருந்தது.

"அட, கரெக்டா ஒரு நிமிஷம்!" நஞ்சுண்டன் தொடையைத் தட்டினான். அவனுக்கு அந்தச் சத்தம் கேட்டதா என்று தெரியவில்லை. கேட்டிருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. "பாத்தீங்களா, உங்க போர்டு நல்லாத்தானுங்க இருக்குது. நீங்களே வீடியோவும் எடுத்திருக்கீங்க. நம்மளுக்கு வேலையே மிச்சம்." இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே வெளியே போனான்.

ரிஃபத் கதவைச் சாத்திவிட்டு மறுபடி அமுக்கினாள். இந்தத் தடவை மீட்டர் கம்பி நுனியைக் கெப்பாசிட்டரின் காலில் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டில் மூன்றில் இரண்டு பங்கு, எட்டு வோல்ட் தொட்டால் ஐசி விட்டுவிட வேண்டும். ஐந்து... ஆறு... ஏழு... சரசரவென்று ஏறியது. ஏழே முக்காலில் நின்றது. அங்கேயே நின்றது. குழாய் வாயை யாரோ கட்டை விரலால் அடைத்துப் பிடித்த மாதிரி. உள்ளே ஊஊஊம்... இறங்கியது. அடங்கியது. அதற்குப் பிறகுதான் எண் எட்டைத் தாண்டியது. டக்.

படித்த பிள்ளை அவள். கணக்குப் பொய்க்காது என்று நம்புகிற ஜாதி. மூன்றாவது தடவை சிவப்பு எரிகிறபோதே, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் நெம்பி ஐசியையே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டாள். எட்டுக் காலும் உள்ளங்கையில் குத்தின. தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க ஐசியே இல்லை. காத்திருக்கச் சொல்ல எதுவுமே இல்லை.

சிவப்பு அணையவில்லை.

ஐசியை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். டக். கதவு விட்டது. அந்த இடுக்கிலிருந்து ஒரு வாடை வந்தது... வெற்றிலையும் புகையிலையும் மென்றவர் கிட்டத்தில் வந்து பேசினால் வருமே, அது.

ஓடிவிடத்தான் தோன்றியது. வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. அவசரமாக ஐசியைச் சாக்கெட்டில் திரும்பச் செருகினாள்.

இன்ஸ்பெக்டர் சசிதர் நல்ல மனிதர்தான். அவள் மீட்டரைக் காட்டினாள், சுரண்டின பாலிஷைக் காட்டினாள். அவர் கையை விரித்தார். "நான் மெக்கானிக்கலும்மா. எனக்கு லைட் எரியறதும் கதவு தெறக்கறதும்தான் தெரியும். ஓட்டிக் காட்டுங்க."

"நான் காட்டறேனுங்க சார்." நஞ்சுண்டன் முந்திக்கொண்டான். "வாங்கி மாட்டினதுலேர்ந்து ஒரு நிமிஷந்தானுங்க. நாங்க யாரும் இதத் தொட்டதே இல்லீங்க. அந்தப் புள்ளதான் அவசரக்குடுக்கை, நெம்பிப்போட்டா." அமுக்கினான். சிவப்பு. ஒரு நிமிஷம். டக்.

சசிதர் தலையாட்டினார். பேனாவை எடுத்தார். அவ்வளவுதான், முடிந்தது. செத்தவர் தலையில் பழி, போனில் காத்திருக்கிற பெண்ணுக்கு ஒரு பொய். ரிஃபத்துக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. அவன் மேல் கோபம், தன் மேல் கோபம், அந்தப் பாழாய்ப்போன மெஷின் மேல் கோபம். கதவைச் சாத்தி, அதில் படார் என்று அறைந்தாள். உள்ளங்கை எரிந்தது. அப்படி அறைந்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

குழந்தையம்மாள் பழிவாங்க வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உருளை அடங்குகிற வரைக்கும் இன்னொரு கை உள்ளே போய்விடக் கூடாது என்று பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவரைக் கொன்றவனைக் காப்பாற்றுவது அந்தப் பிடிதான் என்று அவருக்கு யார் சொல்வது?

ரிஃபத் சொன்னாள். இரண்டு ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருக்க, இரும்புக் கதவில் வாயை வைத்துச் சொன்னாள்.

"அக்கா... விடுங்கக்கா. உள்ள ஒண்ணும் சுத்தல. கரண்டே இல்லீங்க. யாரும் கைய விட மாட்டாங்க, நான் நிக்கறேன். நீங்க நெம்பித் தொறந்தீங்கன்னு சொல்றாங்கக்கா... உங்க கனிஷ்கா கிட்ட அப்படித்தான் சொல்லியிருக்காங்க. இந்த ஒரு தடவ விடுங்க. நாலு செகண்ட்ல விடுங்க!"

"என்னம்மா இது?" என்றார் சசிதர். நஞ்சுண்டன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, இதுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்கிற மாதிரி சைகை செய்தான்.

அவள் பட்டனை அமுக்கினாள். சிவப்பு.

உள்ளே ஊஊஊம் என்று ஆரம்பித்தது. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. சசிதர் பேனாவோடு அப்படியே நின்றுவிட்டார்.

ஒன்று... இரண்டு... மூன்று...

டக்.

கதவு தானாகவே முழுசாகத் திறந்தது. உருளை அசையாமல் நின்றிருந்தது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. நிற்கிற உருளையிலிருந்து, சுற்றுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. இறங்கவும் இல்லை. ஏறியது. தகரக் கூரை அதிர்ந்தது. பஞ்சுத் தூசி எல்லாம் தரையிலிருந்து எழும்பி நஞ்சுண்டன் இருக்கிற பக்கமாகவே நகர்ந்தது. அவன் வெள்ளைச் சட்டையில் அப்பியது, வாயில் புகுந்தது.

அவன் பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டான். "நாந்தானுங்க... நாந்தான் திருப்பச் சொன்னேனுங்க... சார், நிறுத்தச் சொல்லுங்க சார்!" பிறகு அந்தத் திறந்த கதவைப் பார்த்துக் கைகூப்பினான். "போதுமுங்க... குழந்தையம்மாளுங்க... போதுமுங்க..."

ஏழு வருஷம் அங்கே வேலை பார்த்த பெண்மணி. அன்றைக்குத்தான் அவன் வாயிலிருந்து அவருக்கு ங்க வந்தது. சத்தம் அதற்குப் பிறகும் உடனே நிற்கவில்லை. முழுசாக ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு அடங்கியது.

சசிதர் எழுதிக்கொண்டார். சத்தத்தைப் பற்றி எழுதவில்லை, அதை எப்படி எழுதுவது? நாலு செகண்ட் என்பதையும் அவன் சொன்னதையும் எழுதினார். ரிஃபத் ரோட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கனிஷ்காவைக் கூப்பிட்டாள். "உங்கம்மா நெம்பலடா. கதவுதான் முன்னாடியே தொறந்துருச்சு. உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல." அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகை மட்டும் கேட்டதாம்.

அத்தோடு அவன் ஜெயிலுக்குப் போனான் என்று நினைத்தீர்களா? நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள்? ஜாமீனில் வந்தான். கேஸ் நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. அந்த மில்லை மூடிவிட்டு, சூலூர்ப் பக்கம் மச்சினன் பேரில் இன்னொன்று திறந்தான். புது மெஷின். இந்தத் தடவை டைமரே வேண்டாம் என்றுவிட்டான். பூட்டும் வேண்டாம். வெறும் கொண்டி. யோசித்துப் பாருங்கள், ஒரு உயிரை வாங்கின பிறகு அந்த ஆள் கற்றுக்கொண்ட பாடம் அது.

முதல் நாளே பஞ்சு அடைத்தது. மெஷினை நிறுத்திவிட்டு ஒரு பெண் கொண்டியைத் தூக்கிக் கதவை இழுத்தாள். வரவில்லை. இன்னொருத்தியும் சேர்ந்து இழுத்தாள். வரவில்லை. உள்ளே உருளை சுற்றி, அடங்கி, நின்றது... கதவு தானாக விட்டது. அடுத்த தடவையும் அப்படித்தான். எப்போதும் அப்படித்தான். போர்டு இல்லை, ஐசி இல்லை, ஒரு ஒயர்கூடக் கிடையாது. அந்தப் பெண்கள் ஒன்றும் கேட்கவில்லை. கைகட்டி நின்று காத்திருந்தார்கள்.

அவனுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு நாள் உருளை ஓடிக்கொண்டிருக்கும்போதே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். கடப்பாரை வளைந்தது, கதவு வளையவில்லை. உருளை நின்ற பிறகு விட்டது. தகரத்தில் எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பார்க்கக் கதவின் உள்பக்கத்தைத் திருப்பினான்.

பஞ்சுத் தூசியில் ஒரு கை அழுந்திய தடம். ஐந்து விரலும் அகல விரித்து, பலம் கொண்டமட்டும் இழுத்துப் பிடித்த தடம். அவனே துணியை எடுத்துத் துடைத்தான். அடுத்த அடைப்புக்குத் திறந்தபோது அதே இடத்தில் புதிதாக இருந்தது.

இடது கை மட்டும். வலது கையைத்தான் அன்றைக்கு மெஷின் முதலில் வாங்கிக்கொண்டது.